ஏழாம் நம்பர் ஈறு

கடிதத்தில் மொத்தமே ஆறு சொற்கள்தான் இருந்தன.

'ஆஸ்பத்திரிக்கு வராதீங்க. வந்தா உயிரோட திரும்ப மாட்டீங்க.'

மேடம் அந்தக் காகிதத்தைத் துணி வெட்டும் மேசைமேல் வைத்து, விரலால் ஒவ்வொரு சொல்லாகத் தொட்டுக்கொண்டே போனார். துப்பறிய வருவதற்கு முன் பதினைந்து வருடம் அச்சகத்தில் பிழை திருத்தியவர். கொலை மிரட்டலே வந்தாலும் முதலில் ஒற்று சரியாக இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்.

"போலீஸ்ல என்ன சொன்னாங்க?" என்று கேட்டார்.

எதிரே நின்ற தையல்காரம்மாவுக்கு முப்பது வயதிருக்கும். பேசும்போதெல்லாம் உள்ளங்கையால் வாயை மூடிக்கொண்டு பேசினாள். "சிரிச்சாங்கக்கா. பல்லைப் போட்டோ எடுக்கறதுக்கெல்லாம் யாரும்மா கொலை பண்ணுவாங்கன்னு கேட்டாங்க. எனக்கும் அதேதான் புரியலை. யாருக்கு நான் என்ன கெடுதல் பண்ணேன்? மூணு நாளா தையல் மெஷின் சத்தத்துக்கே திடுக்குனு திரும்பிப் பாக்கறேன். என் பொண்ணுக்கு ஏழு வயசு. என்னை விட்டா அவளுக்கு யாரும் இல்லை."

அவள் திரும்பி வாசலைப் பார்த்தாள். நானும் திரும்பிப் பார்த்தேன். எனக்கு மற்றவர்களுடைய பயம் சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். அதை மறைக்கத்தான் ஓயாமல் பேசுகிறேன். மேடம் எனக்கு வாயாடி என்று பெயர் வைத்ததும் அதனால்தான்.

"முதல்லேருந்து சொல்லுங்க" என்றார் மேடம். "இவனுக்கும் புரியற மாதிரி."

தையல்காரம்மா சொன்னது இது. அவளுடைய மேல் ஈறு பிறந்ததிலிருந்தே கரும்பழுப்பு. அதற்காகவே சிரிக்கும்போதெல்லாம் வாயை மூடிப் பழகிவிட்டாள். இரண்டு தெரு தள்ளி இருக்கும் பல் ஆஸ்பத்திரியில், ஈறின் மேல்தோலைச் சீவி ரோஸ் நிறமாக்கி விடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனாள். இருபது பேரைச் சேர்த்து ஓர் ஆராய்ச்சி. சீவிய புண் ஆறுவதற்கு இரண்டு ஜெல்கள் இருந்தன, ஒன்று பழையது, ஒன்று புதியது. எது சீக்கிரம் ஆற்றுகிறது என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

"அதுக்காக ஒரே வாயில ஒரு பக்கம் ஒண்ணு, மறு பக்கம் இன்னொண்ணு தடவச் சொன்னாங்க. ஒண்ணு நீல மூடி, ஒண்ணு வெள்ளை மூடி. எந்த மூடிக்குள்ள எந்த ஜெல்னு பெரிய டாக்டருக்கே தெரியாதாம். தெரிஞ்சா அவர் கண்ணு ஒரு பக்கமா சாஞ்சுடுமாம். மருந்து கொடுக்கற ஜன்னல்ல உக்காந்திருக்கவருக்கு மட்டும்தான் தெரியுமாம்."

"ஒரே வாயில ரெண்டு கட்சி" என்றேன். "நடுவுல நாக்கு பாடு திண்டாட்டம்தான்."

யாரும் சிரிக்கவில்லை. வெட்கத்தை மறைக்க, என் சட்டையில் தொங்கிய நூலை மேசைமேல் இருந்த அவள் கத்தரிக்கோலால் வெட்டப் பார்த்தேன். நூல் அறுபடாமல் இரண்டு அலகுக்கும் நடுவே மடங்கிக்கொண்டது. மறுபடியும் முயன்றேன். அப்போதும் மடங்கியது.

"விடுங்கண்ணா, அது யார் கைக்கும் வராது. என் கைக்குத்தான் வரும்."

மேடம் ஒரு நொடி அந்தக் கத்தரிக்கோலைப் பார்த்தார். பிறகு, "வாயைத் திறந்து காட்டுங்க" என்றார்.

அவள் தயங்கித் தயங்கிக் கையை எடுத்தாள். இடது பக்க ஈறு இளம் ரோஸ் நிறத்தில் அழகாக ஆறியிருந்தது. வலது பக்கமோ, எட்டு நாளாகியும் பச்சைப் புண்ணாக, ஓரமெல்லாம் வெந்து கிடந்தது.

"இந்தப் பக்கம் எது தடவினீங்க?"

"வெள்ளை. வச்ச உடனே மிளகாய் பட்ட மாதிரி எரியும். நாலாம் நாள் ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணி, வலது பக்கம் எரியுது, ஆறவே இல்லைன்னேன்."

"வெள்ளை டியூப்னு சொன்னீங்களா?"

"அவங்க கேக்கலை. நானும் சொல்லலை. இந்த மருந்தை வேற ஒரு டாக்டர்கிட்ட காட்டிக் கேக்கட்டுமான்னு மட்டும் கேட்டேன். பெரிய டாக்டர்கிட்ட சொல்றோம்னு வச்சுட்டாங்க. மறுநாள் கடையைத் திறந்தா ஷட்டருக்குக் கீழ இந்தக் காகிதம். இன்னைக்குப் பதினோரு மணிக்குக் கடைசி போட்டோ. மிச்ச டியூப்பையும் கொண்டு வந்து கொடுக்கணும்."

மணி ஒன்பதரை ஆகியிருந்தது. மேடம் காகிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்தார்.

"வாயாடி, இதை எழுதினவங்க எங்கே இருக்காங்க?"

"மேடம், நான் ஜோசியம் பாக்கறதில்லை."

"'வராதீங்க'ன்னு எழுதியிருக்கு. வெளியில இருக்கற ஆள்னா 'போகாதீங்க'ன்னுதானே எழுதுவான்? ஆஸ்பத்திரிக்குள்ள உக்காந்துக்கிட்டு எழுதின கை இது."

தையல்காரம்மா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

மேடம் அவள் தோளைத் தொட்டார். "நாங்க போய்ப் பாத்துட்டு வரோம். ஷட்டரை உள்ளே பூட்டிக்குங்க. யார் கூப்பிட்டாலும் வெளியே வராதீங்க. நாங்க கூப்பிட்டா மட்டும் வாங்க."

"சரிக்கா" என்றாள். ஷட்டர் இறங்கும் வரை எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

* * *

பல் ஆஸ்பத்திரி என்றால் எனக்குச் சின்ன வயதிலிருந்தே உயிர் போகும். அந்தக் கிராம்பெண்ணெய் வாசனை மூக்கில் ஏறினாலே போதும், கால் தானாகப் பின்னால் நடக்கத் தொடங்கிவிடும். மேடம் என் முழங்கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போனார்.

"இன்னைக்கு நீ நோயாளி. நான் உன் அக்கா. உன் ஈறு கறுப்பு, அதைச் சீவணும். டாக்டர் ரூம்ல என்ன பேசறாங்கன்னு கேட்டுட்டு வா."

"என் ஈறு கறுப்பே இல்லையே மேடம்."

"வெத்தலை போட்ட மாதிரி மூஞ்சியை வச்சுக்க. நம்புவாங்க. முக்கியமா, நாம யாருன்னு வாயைத் திறக்காதே."

"பல் ஆஸ்பத்திரியில வாயைத் திறக்காம எப்படி மேடம்?"

அவர் பதில் சொல்வதற்குள் கூடத்தின் மூலையிலிருந்து ஒரு குரல் வெடித்தது. மருந்து ஜன்னலுக்குள் ஒரு தடித்த ஆள். கையில் தடிமனான சாவிக்கொத்து, முகத்தில் நாலு நாள் தாடி.

"ஏய் நர்ஸ்! ஏழாம் நம்பர் வந்தாளா இல்லையா? அவ டியூப் ரெண்டும் இன்னைக்கே என் கைக்கு வரணும். வரலைன்னா நானே அவ கடைக்குப் போய்ப் பிடுங்கிட்டு வருவேன், ஆமா!"

ஏழாம் நம்பர் நம் தையல்காரம்மாதான். அவளுடைய ஆஸ்பத்திரி அட்டையில் பார்த்திருந்தேன். நர்ஸ் ஒல்லியான, கண்ணாடி போட்ட பெண். தலையைத் தூக்காமல், "வந்ததும் சொல்றேங்க" என்றாள். ஜன்னல் கதவு படாரென்று மூடிக்கொண்டது.

"ஆள் கிடைச்சாச்சு" என்று மேடத்தின் காதில் கிசுகிசுத்தேன். "எந்த மூடியில எதுன்னு தெரிஞ்ச ஒரே ஆள் இவன். டியூப்புக்குப் பறக்கறான். மூஞ்சியைப் பாருங்க, கொலைகாரன்னு எழுதி ஒட்டாத குறை."

"மூஞ்சியை வச்சுப் பிழை திருத்த முடியாது. நீ உள்ளே போ."

மாடியில் பெரிய டாக்டரின் அறை அமைதியாக, குளுகுளுவென்று இருந்தது. நரைத்த தலை, வெண்ணெய் போன்ற குரல். "வாப்பா, உக்காரு கண்ணா. ஏன் இப்படி வேர்க்குது? இது ஒண்ணுமே இல்லை" என்று அவரே என்னைக் கைப்பிடித்து நாற்காலியில் சாய்த்தார். நாற்காலி பின்னால் சாயச்சாய என் துணிச்சலும் கூடவே சாய்ந்தது.

எதிர்ச் சுவர் முழுக்க வாய்களின் படங்கள். நம்பர் போட்டு இருபது வாய்கள். பத்தொன்பது பேருக்கும் வலது பக்கம் ரோஸ், இடது பக்கம் புண். ஏழாம் நம்பருக்கு மட்டும் தலைகீழ். பக்கத்தில் ஓர் அட்டை: வலது - நீலம், இடது - வெள்ளை.

டாக்டர் தட்டிலிருந்து ஊசியை எடுத்தார். நீளமான ஊசி. அதன் நுனியில் ஒரு சொட்டு மின்னியது.

"முதல்ல மரத்துப் போறதுக்கு ஒண்ணு போட்டுடலாம். வாயை நல்லா திறப்பா."

வாயைத் திறந்தேன். ஊசி நெருங்கியது. அப்புறம் என் வாயிலிருந்து வந்ததெல்லாம் என் கட்டுப்பாட்டில் இல்லை.

"ஐயோ டாக்டர், வேண்டாம்! என் ஈறு நல்லாத்தான் இருக்கு! நாங்க துப்பறியறவங்க. ஏழாம் நம்பர் அம்மாவுக்கு மிரட்டல் கடுதாசி வந்திருக்கு. இங்கேருந்துதான் எழுதியிருக்காங்க. அந்த அம்மா பயந்து கடைக்குள்ள பூட்டிக்கிட்டு உக்காந்திருக்காங்க!"

எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மேடம் சொல்லி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

டாக்டர் ஊசியை மெதுவாகத் தட்டில் வைத்தார். முகத்தில் அப்படி ஒரு கவலை. "அடடா. பாவம் அந்தப் பொண்ணு. வலது பக்கம் பூரா வெந்து கிடக்கு. அந்த வெள்ளை டியூப் எரிச்சல் லேசுப்பட்டதா? அதோட இந்தப் பயமும் சேர்ந்தா என்ன பண்ணுவா?" குரலைத் தாழ்த்தினார். "உன்கிட்ட சொல்றேன், வெளியில சொல்லாதே. ஜன்னல்ல இருக்கானே, அவன் மேல எனக்கே ஒரு மாதிரி இருக்கு."

"நானும் அதைத்தான் டாக்டர் சொன்னேன்!"

"கடையில தனியா இருக்கறதுதான் ஆபத்து. அவன் அங்கேயே போயிடுவான். நேரா என்கிட்ட வரச் சொல்லு. பின்பக்கப் படி வழியா வந்தா அவன் கண்ணுல படாது. டியூப்பையும் எடுத்துட்டு வரட்டும். என் ரூம்ல இருந்தா யார் என்ன பண்ணிட முடியும்?"

நியாயமாகப் பட்டது. ஜன்னல்காரன் கடைக்குப் போய்ப் பிடுங்குவேன் என்று கத்தியதை என் காதாலேயே கேட்டேனே. அதைவிடவும், நான் பேசப் பேச அந்த ஊசித் தட்டு என்னைவிட்டு விலகிக்கொண்டே போனது. கைபேசியை எடுத்தேன்.

மறுமுனையில் அவள் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு, "அண்ணா? நீங்கதானா? அங்கே வரலாமா? பத்திரம்தானே?"

"பத்திரம்தாம்மா. நான் சொல்றேன்ல, பயப்படாம வா."

டாக்டர் என் தோளைத் தட்டினார். "நல்ல காரியம் பண்ணினேப்பா. உனக்கு இன்னைக்கு ஊசி வேண்டாம், போ."

விட்டால் போதுமென்று வெளியே வந்தேன்.

* * *

கூடத்தில் மேடத்தைத் தேடினால் காணவில்லை. மாடிப் படி, கழிப்பறைப் பக்கம், வாசல் என்று சுற்றிவிட்டு வந்தால், மருந்து ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்து அந்தத் தடியரோடு பேசிக்கொண்டிருந்தார்! வெளியே வர இருபது நிமிடம் பிடித்தது. வந்தவர் என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் நர்ஸ் மேசைக்குப் பக்கத்துப் பெஞ்சில் போய் உட்கார்ந்தார்.

"மேடம், உள்ளே என்ன நடந்துச்சுன்னா…"

"உஷ். கேளு."

நர்ஸ், அடுத்த குழுவுக்குப் புதிதாகச் சேர்ந்த ஒரு வயதான பஸ் டிரைவரிடம் இரண்டு டியூப்களைக் கொடுத்துக்கொண்டிருந்தாள். "இதோ பாருங்கய்யா, சோத்துக்கைப் பக்கம் நீலம் வைங்க. மறு கைப் பக்கம் வெள்ளை வைங்க. மாத்திடாதீங்க."

அவர் போனதும் மேடம் கேட்டார். "எல்லார்கிட்டயும் இப்படித்தான் சொல்வீங்களா?"

"ஆமாங்க. வலது, இடதுன்னா கண்ணாடியில பாத்துக் குழம்பிடறாங்க. சோத்துக்கைன்னா யாருக்கும் குழப்பம் வராதுல்ல?"

மேடத்தின் முகம் பிரகாசமானது. அச்சகத்தில் ஒரு பக்கம் முழுக்கத் தேடிய பிழை கண்ணில் பட்டால் இப்படித்தான் ஆவாராம். என் பக்கம் திரும்பினார். "வாயாடி, அந்தக் கத்தரிக்கோல் ஏன் உன் கைக்கு வரலை?"

"மழுங்கினதா இருக்கும்."

"இடது கைக்குன்னே செஞ்ச கத்தரிக்கோல் அது. அந்த அம்மா வெட்டறது, தைக்கறது, சாப்பிடறது எல்லாமே இடது கையால. அவங்க சோத்துக்கை எது?"

எனக்கு மெல்ல விடிந்தது. "இடது! அதனால நீலத்தை இடது பக்கம் வச்சாங்க. வெள்ளையை வலது பக்கம் வச்சாங்க."

"அவங்க வாய் ஒண்ணும் தலைகீழ் இல்லை. ஜன்னல்காரர்கிட்ட போட்டோ எல்லாம் பாத்தேன், இருபது வாயிலயும் வெந்தது வெள்ளை பட்ட இடம்தான். வெள்ளைக்குள்ள இருக்கற பழைய ஜெல் மெதுவா ஆத்தும், ஆனா வேக வைக்காது. யாரோ வெள்ளை டியூப்ல எதையோ கலந்திருக்காங்க, புதுசு ஜெயிக்கணும்னு. ஜன்னல்காரருக்கும் அதே சந்தேகம். அவர்கிட்ட திரும்பி வரவேண்டிய பத்தொம்பது பேர் டியூப்பும் வழியிலயே காணாமப் போச்சாம். ஏழாம் நம்பர் டியூப்பையாவது வெளியில கொடுத்துச் சோதிக்கணும்னுதான் அந்தக் கத்துக் கத்தியிருக்கார்."

"அப்போ அவர் நல்லவரா? அந்த மூஞ்சியை வச்சுக்கிட்டா?"

"அந்த அம்மா டியூப்பை மாத்தி வச்சது நமக்கு மட்டும்தான் தெரியும். வேற யாருக்கும் தெரியாது. அதுதான் இப்ப நம்ம கையில இருக்கற துருப்பு."

"டாக்டருக்குத் தெரியுமே" என்றேன்.

மேடம் என் கையைப் பிடித்தார். "என்ன சொன்னே?"

"பெரிய டாக்டருக்குத் தெரியும் மேடம். அவரே சொன்னார்."

"அவர் சொன்னதை ஒரு எழுத்து விடாம சொல்லு."

சொன்னேன். 'வலது பக்கம் பூரா வெந்து கிடக்கு. அந்த வெள்ளை டியூப் எரிச்சல் லேசுப்பட்டதா?' சொல்லிக்கொண்டிருக்கும்போதே மேடத்தின் முகம் வெளிறிப்போவதைப் பார்த்தேன்.

"இங்கே எல்லாருக்கும் சொல்றபடி வலதுன்னா நீலம். வலது பக்கம் வெந்திருக்குன்னு பாத்தா அவர் நீலத்தைத்தானே குத்தம் சொல்லணும்? வெள்ளைன்னு எப்படித் தெரியும்? வெள்ளைதான் வேகும்னு ஏற்கெனவே தெரிஞ்சவனாலதான் அப்படிச் சொல்ல முடியும். கலந்தவனுக்குத்தான் தெரியும்."

அப்போதுதான் எனக்கு அந்தப் போன் ஞாபகம் வந்தது.

"மேடம்… நான் அந்த அம்மாவுக்குப் போன் பண்ணிட்டேன். டியூப்போட டாக்டர்கிட்ட வரச் சொல்லிட்டேன்."

மேடம் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பக்கத்தில் ஏதோ கீழே விழுந்து உடைந்தது. நர்ஸின் கையிலிருந்த கண்ணாடிக் குப்பி. அவள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு நின்றாள்.

மேடம் எழுந்து அவளருகே போனார். "ஜன்னல்காரர் எல்லாரையும் 'ஏய்'ங்கறார். டாக்டர் எல்லாரையும் 'வாப்பா, போம்மா'ங்கறார். இந்த ஆஸ்பத்திரியில நோயாளியை வாங்க, வைங்கன்னு பேசறது நீங்க ஒருத்தர்தான். கொல்ல நினைக்கறவன் 'திரும்ப மாட்டீங்க'ன்னு மரியாதையா எழுத மாட்டான். நீங்க மிரட்டலை. காப்பாத்தப் பாத்தீங்க. எதுலேருந்து?"

நர்ஸ் அழுதுவிட்டாள். "அந்த அம்மாவுக்கு மரத்துப் போற ஊசி ஒத்துக்காதுங்க. ஒரு வருஷத்துக்கு முன்னாடி பல் பிடுங்க வந்தப்போ அதைப் போட்டு மூச்சு அடைச்சுப் போச்சு, பொழச்சதே பெரிய விஷயம். அதனால இந்தத் தடவை வேற மருந்து போட்டாங்க. ஃபைல்ல சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டினது நான்தான். வேற டாக்டர்கிட்ட காட்டறேன்னு அவங்க சொன்னதை நான்தான் பெரிய டாக்டர்கிட்ட சொன்னேன். அன்னைக்குச் சாயங்காலமே பாத்தா ஃபைல்ல ஸ்டிக்கர் இல்லை. கடைசி நாள் ஈறை மறுபடியும் கொஞ்சம் சீவணும், அந்த ஊசியையே எடுத்து வைன்னு சொன்னார். எந்த மருந்து போடறாங்கன்னு அந்த அம்மாவுக்குத் தெரியவே தெரியாது. நான் பயந்துட்டேங்க. அவரை எதிர்த்து நான் சொன்னா யார் நம்புவாங்க?"

"இப்ப அந்த அம்மா எங்கே?"

நர்ஸ் மாடியைக் காட்டினாள். "அஞ்சு நிமிஷம் ஆச்சுங்க. பின்பக்கப் படியில டாக்டரே வந்து கூட்டிட்டுப் போனார். தடுக்க எனக்குத் தைரியம் வரலை."

* * *

படிகளை எப்படி ஏறினேன் என்று எனக்கு நினைவில்லை. என் வாழ்நாளில் ஒரு பல் டாக்டரின் அறையை நோக்கி ஓடியது அன்று ஒருநாள்தான். கதவு உள்ளே பூட்டியிருந்தது. கைமுட்டி வலிக்கத் தட்டினேன்.

"அம்மா! வாயைத் திறக்காதீங்க! ஊசி போட விடாதீங்க!"

உள்ளேயிருந்து ஏதோ எந்திரம் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. பின்னாலிருந்து ஒரு கனத்த கை என்னை ஒதுக்கித் தள்ளியது. ஜன்னல்காரர். சாவிக்கொத்திலிருந்து ஒரு சாவியைத் தேடி எடுத்துப் பூட்டில் நுழைத்தார். அந்த ஒரு சாவியைத் தேடிய நேரம் எனக்கு ஒரு யுகமாக இருந்தது.

கதவு திறந்தது. டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தார். பக்கத்துத் தட்டில் ஊசி கிடந்தது. காலி ஊசி.

"என்னப்பா இது, ஆஸ்பத்திரியில கூச்சல்?" என்றார் அதே வெண்ணெய்க் குரலில். "மரத்துப் போறதுக்கு ஒண்ணு போட்டேன். இன்னும் ரெண்டு நிமிஷத்துல சரியாயிடும்."

நாற்காலியில் தையல்காரம்மா இரண்டு கைகளாலும் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். உதடு வீங்கியிருந்தது. கண்கள் பெரிதாக விரிந்து என்னையே பார்த்தன. மூச்சை இழுத்தாள். உள்ளே போகவில்லை. விசில் போல ஒரு மெல்லிய சத்தம் மட்டும் வந்தது.

எங்கள் பின்னாலேயே ஓடி வந்த நர்ஸ் அவசர மருந்துப் பெட்டியைத் திறந்தாள். "மூச்சைத் திறக்கற அட்ரினலின் இல்லை! காலையில நான்தான் வச்சேன், இப்ப இல்லை!"

"நகருங்க!" ஜன்னல்காரர் படிகளில் இறங்கி ஓடினார். அந்த உடம்பு அவ்வளவு வேகமாக ஓடும் என்று யாரும் நம்ப மாட்டார்கள். டாக்டர் கதவை நோக்கி ஓரடி எடுத்து வைத்தார். மேடம் குறுக்கே போய் நின்றார். அவர் டாக்டரில் பாதி உயரம்தான். ஆனாலும் டாக்டர் நின்றுவிட்டார்.

"கோட்டுப் பையில என்ன இருக்கு, டாக்டர்?"

மேடமே கையைவிட்டு எடுத்தார். வெள்ளை மூடி டியூப், பாதி காலியானது, மேலே ஏழு என்று எழுதியிருந்தது. கூடவே உடைக்காத அட்ரினலின் குப்பி இரண்டு.

நர்ஸ் பாய்ந்து வந்து ஒரு குப்பியைப் பிடுங்கினாள். அவசரத்தில் முதல் குப்பி நழுவித் தரையில் சிதறியது. இரண்டாவதைக் கழுத்தை உடைத்து ஊசியில் ஏற்றினாள். நான் நாற்காலிக்குப் பக்கத்தில் மண்டியிட்டேன். தையல்காரம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தப் பிடியில் எலும்பு நொறுங்கிவிடும் போலிருந்தது. அவள் முகம் நீலம் பாரித்துக்கொண்டிருந்தது. சும்மா இருக்கும்போதெல்லாம் ஆயிரம் பேசும் என் வாயில், 'ஒண்ணும் இல்லைம்மா' என்ற இரண்டு வார்த்தைகூட வரவில்லை. அவள் செத்துவிடப் போகிறாள், என்னால் செத்துவிடப் போகிறாள் என்ற எண்ணம் மட்டும் தலைக்குள் ஓடிக்கொண்டே இருந்தது.

ஊசி அவள் தொடையில் இறங்கியது.

ஒன்றும் நடக்கவில்லை. பத்து எண்ணினேன். இருபது எண்ணினேன். பிடி தளர்ந்தது. தளர்ந்ததும் எனக்கு உயிரே போய்விட்டது. ஜன்னல்காரர் மூச்சிரைக்க இன்னொரு குப்பியோடு ஓடி வந்து நின்றார். "இன்னொண்ணு போடு" என்றார். நர்ஸ் போட்டாள்.

முப்பத்தைந்து எண்ணியபோது அவள் மார்பு தூக்கியது. நீளமாக, கரகரவென்று ஒரு மூச்சு உள்ளே போனது. இன்னொன்று. அதன்பின் இருமினாள். அந்த இருமல் சத்தத்தைக் கேட்டதும் நர்ஸ் அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள்.

மூலையில் ஜன்னல்காரர் டாக்டரின் கையை முறுக்கிப் பிடித்திருந்தார். "புது ஜெல் கம்பெனி இவன் மச்சான் பேர்லதான் இருக்கு. எந்த மூடியில எந்த ஜெல்னு எழுதி என் மேசையில பூட்டி வச்ச ரகசியக் கவரைப் பிரிச்சு மறுபடியும் ஒட்டியிருக்கான். ஒட்டினது கோணலா இருக்கறதை இன்னைக்குக் காலையிலதான் பாத்தேன்" என்றார். டாக்டர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மேடம் போலீசுக்குப் பேசிக்கொண்டிருந்தார். இந்த முறை அந்தப் பக்கம் யாரும் சிரித்ததாகத் தெரியவில்லை.

தையல்காரம்மாவின் கண்கள் மெல்லத் திறந்தன. அறையைச் சுற்றிப் பார்த்து, என் முகத்துக்கு வந்து நின்றன. மரத்துப்போன உதடுகளை அசைத்தாள். சொற்கள் குழறிக் குழறி வந்தன.

"போன்ல… பத்திரம்னு… சொன்னது நீங்கதானே அண்ணா?"

குற்றம் சாட்டிக் கேட்கவில்லை. அவளுக்கு நிஜமாகவே நினைவு குழம்பியிருந்தது. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். இல்லை என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பாள். வேறு யாரோ என் குரலில் பேசினார்கள் என்று ஒரு கதைகூட என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

மேடம் கைபேசியைக் காதிலிருந்து எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஆமாம்மா" என்றேன். "நான்தான் சொன்னேன். தப்பா சொல்லிட்டேன். என் பயத்துல உன்னைக் கூப்பிட்டுட்டேன்."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு என் மணிக்கட்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டு, நர்ஸின் பக்கம் நீட்டினாள்.